டிங்கி: ஒரு சிறுபடகும் ஒரு சொல்லும்

ஹூக்ளி ஆற்றங்கரையில், கொல்கத்தாவின் பிரின்செப் படித்துறையில் கட்டிக்கிடக்கும் சிறு மரப்படகின் பெயரைப் படகோட்டியிடம் கேட்டால், அவர் 'டிஙி' என்பார். நெடுங்கணக்கில் மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோகும் 'ஙி' என்னும் எழுத்துக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்று நான் கண்டது அங்கேதான். மெல்லொலியை அடுத்து நின்ற ககரம் வங்காளிப் பேச்சில் தேய்ந்துவிட்டது. ஆங்கிலமோ அதை விடாமல் வைத்துக்கொண்டு, 'டிஞ்ஜி' என்று யாரும் வாசித்துவிடக் கூடாதென 'எச்' ஒன்றைக் காவலுக்கும் நிறுத்தியது.

இச்சொல்லுக்கு ஓர் அண்ணன் உண்டு: டிங்கா. இந்தோ ஆரிய மொழிகள் பலவற்றில் ஆகார ஈறு பெரியதையும் ஈகார ஈறு சிறியதையும் சுட்டும். டிங்கா பெருங்கலம். வங்காளத்து மனசாமங்கல் காவியங்களில் சாந்த் சதாகர் என்னும் வணிகர் டிங்காக்களில்தான் கடல்வாணிகம் செய்கிறார். அவற்றுள் தலைமைக் கலம் 'மதுகர்'. மனசா தேவியின் சினத்தால் அவை நீரில் அமிழ்கின்றன. அண்ணன் காவியத்தோடு நின்றுவிட, உலகம் சுற்றும் பேறு தம்பிக்கே வாய்த்தது.

1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் ஆகச் சிறிய படகுக்கு இது முறையான பெயராகிவிட்டதென யூலும் பர்னலும் குறித்தனர். (பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவரே.) ஆற்றில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட படகு, கடலுக்குப் போனதும் இன்னொரு கலத்தின் ஏவலாள் ஆனது. பொருட்சுருக்கம் என்று பாடநூல் இதற்குப் பெயரிடும். எனக்கென்னவோ அந்தப் பெயர் போதவில்லை.

கப்பலுக்கு டிங்கி எளிது. இடம் இருக்கிறது, தூக்கி இறக்க ஆள் இருக்கிறது. பத்து மீட்டர்ப் பாய்மரப் படகில் தனியாகப் போகிறவருக்குத்தான் சிக்கல். கயிறு கட்டி இழுத்துச் சென்றால் வேகம் குறையும். பின்னலை எழுந்தால் அது தாய்ப்படகின் பின்புறத்திலேயே வந்து மோதும். நீர் நிறைந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு போகும். மேல்தளத்தில் ஏற்றினால் நடக்க வழியிருக்காது. ஒருவரே தூக்குமளவு இலேசாகவும் வேண்டும், இருவரையும் குடிநீரையும் சுமக்குமளவு உறுதியாகவும் வேண்டும்.

இதற்கு ஜாஷுவா ஸ்லோக்கம் கண்ட வழி வேடிக்கையானது. 1895இல் 'ஸ்ப்ரே' என்னும் படகில் தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டவர், குளோஸ்டர் துறைமுகத்தில் யாரோ கைவிட்ட டோரி மீன்பிடி படகொன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டினார். வெட்டுவாயைப் பலகையால் அடைத்தார். அரைப்படகே அவருடைய டிங்கி. அதுவே துணி துவைக்கும் தொட்டி, குளிக்கும் தொட்டியும்கூட. மூன்று பெருங்கடல்களைத் தாண்டிய அவர், கோகோஸ் கீலிங் தீவில் ஓட்டைப் படகொன்றில் ஏறித் துடுப்பு எடுக்க மறந்து, காற்றில் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட இருந்தார். படகில் கிடந்த ஒரு கழி காப்பாற்றியது. உலகையே சுற்றியவருக்கும் உயிருக்கு வந்த ஆபத்து கரையோரத்தில், சிறுபடகில்தான்.

கையேடுகள் டிங்கியைக் கரைக்குப் போய்வரும் வாகனமாகவே பேசுகின்றன. 1972 ஜூனில் காலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைத் திமிங்கலங்கள் மோதி 'லூசெட்' மூழ்கியபோது, அதிலிருந்த ராபர்ட்சன் குடும்பத்தாரும் உடன்வந்த மாணவரும் காற்றடைத்த உயிர்காப்பு மிதவைக்கு மாறினர். இரண்டு வாரங்களுக்குச் சற்று மேல் தாங்கிய மிதவை பின்னர் நைந்துபோனது. மிஞ்சியது சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள 'எட்னமேர்' என்னும் டிங்கி. அதுவரை பாய்கட்டி மிதவையை இழுத்துவந்ததும் அதுவே. இரட்டைச் சிறுவர் இருவர் உட்பட ஆறு பேர். விளிம்புக்கும் கடலுக்கும் இடையே சில அங்குலம். ஒருவர் இடம் மாறினாலும் மற்றவர் அசைந்து சமன்செய்ய வேண்டும். மழைநீரும் ஆமையிறைச்சியும் உணவாக, முப்பத்தெட்டாம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களை மீட்டது. டிங்கி தேர்பவர் விலையையும் எடையையும் பார்க்குமுன் இதை ஒருமுறை நினைக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்று பலரும் நாடுவது காற்றடைத்த டிங்கியை. எளிதில் கவிழாது, மடித்து வைக்கலாம். ஆனால் எதிர்காற்றில் துடுப்பால் நகர்த்துவது பெரும்பாடு. வெயில் இதன் முதற்பகை. பிவிசி துணி சில ஆண்டுகளிலேயே பிசுபிசுத்துப் பசைவிடும். ஹைப்பலான் வகை நெடுநாள் தாங்கும். மணலைக் கழுவாமல் மடித்தால் இரண்டுமே மடிப்பில் தேயும்.

மரத்துக்கு நேர்மாறான நோய்: உலர்ந்தால் பலகை சுருங்கி இணைப்பு வாய்பிளக்கும். நம் கரையில் அந்த இடுக்கை அடைப்பதைக் கலப்பற்று என்பார்கள். போர்த்துகீசியர் தந்த சொல். வங்காளத்தில் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இரும்புப் பற்றாணிகளால் தைத்து, உடலை முடித்த பின்னரே விலாச்சட்டங்களை உள்ளே வைப்பது மரபு. வெளிப்பூச்சுக்கு 'காப்' காய், நம் பனிச்சைதான். காயை இடித்து ஊறவைத்த துவர்ச்சாறு மரத்தில் கறுப்பாக உறைந்து நீரைத் தடுக்கும். வலைக்கும் அதே சாறு.

படித்துறையில் நான் கண்ட டிஙியில் காப் வாசனை இல்லை. கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் ஒருவர் தார் பூசிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டேன். 'ஆல்காத்ரா' என்றார். அரபியில் பிறந்து, போர்த்துகீசியக் கப்பலேறி வங்காளத்தில் இறங்கிய சொல். பூச்சு உலர இரண்டு நாளாகும், அதுவரை வருமானம் இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி தூரிகையைத் தகரத்தில் தோய்த்தார்.