கூரை தந்த குளிர்ச்சி

கோடைக்கால இரவில் தருமபுரியில் ஒரு கான்கிரீட் வீட்டின் தளத்தைத் தொட்டுப் பாருங்கள். சூரியன் மறைந்து நெடுநேரமாகியும் சுடும். உள்ளே சுழலும் மின்விசிறி அந்தச் சூட்டையே நம்மேல் தள்ளும். இந்நிலை எவ்வாறு வந்தது?

இப்பகுதியின் பழைய வீடுகளில் தடித்த மண்சுவர்களும் நாட்டு ஓடுகளும் இருந்தன. ஓடுகளின் இடுக்குகள் வழியே வெப்பக் காற்று வெளியேறிவிடும். ஆனால் மழைக்கு ஒழுகும். அவ்வப்போது ஓடுகளைப் பிரித்து அடுக்க வேண்டும். ஆகவே ஒழுகாத கான்கிரீட்டை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. எனினும் வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி, இரவில் அறைக்குள் விடுகிறது. அச்சூட்டைத் தணிக்க மின்சாரம் தேவையாயிற்று.

அண்டையிலுள்ள மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-இல் அங்கு நீர் மின்சாரம் கிடைத்தது, அதில் புகையில்லை. தேவை பெருகவே, அதே மேட்டூரில் 1987-இல் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி எரிந்தால் கரியமில வாயு உண்டாகும். இந்திய மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. குளிர்சாதனப் பெட்டி மணிக்கு ஒரு யூனிட் செலவழிக்கிறது என்று கொள்வோம். இரவில் 8 மணி நேரம் ஓடினால், ஒரே அறைக்காக ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வாயு வெளியாகிறது!

2011-இல் தமிழக அரசு சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஊரகங்களில் ஒவ்வொரு வீடும் 300 சதுர அடி. ஐந்து சூரிய விளக்குகள். வெளிச்சத்துக்கு நிலக்கரி வேண்டாம் என்பது நல்ல முன்னேற்றமே. ஆனால் கூரை கான்கிரீட்தான். விளக்கு சிறிது மின்சாரமே உண்ணும். வெப்பத்தைத் தணிக்கும் வேலைதான் அதிகம் உண்ணும்.

கூரையின் பங்கை 2018-இல் வெளியான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு கணக்கில் எடுத்தது. வெளியே ஒரு டிகிரி வெப்பம் கூடினால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையலாகாது என்றது. வெறும் கான்கிரீட் தளத்தில் இதைப்போல் இரு மடங்குக்கு மேல் நுழையும்.

இதைக் குறைக்கும் வழிகள் நம் கொத்தனார்களுக்குப் புதியவை அல்ல. தளத்தின்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்தால் வெப்பம் மெல்லவே இறங்கும். வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். வீடு கட்டுகிறவர் சிக்கனம் கருதி முதலில் கைவிடுவது இவற்றைத்தான். அன்று மிச்சமான பணத்தைப் பின்னர் மாதந்தோறும் மின்கட்டணமாகச் செலுத்துகிறோம். வெளியேறும் வாயுவோ காற்றில் சேர்ந்துகொண்டே போகிறது.