படத்தைக் காட்டிவிட்டு யார் பேசுவது?

நாலு வயசுக் குழந்தையிடம் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைக் காட்டும்போது பெரியவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? "இது மோனாலிசா, வரைந்தவர் டாவின்சி" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். குழந்தையும் அழகாகத் திருப்பிச் சொல்லும். வீட்டுக்கு யாராவது வந்தால் இன்னொரு தடவை சொல்லிக்காட்ட வேண்டியிருக்கும். சரி, ஆனால் குழந்தை படத்தைப் பார்த்ததா? இந்த ஒரு கேள்வியை வைத்து மேல்நாட்டில் நூறு வருடத்துக்கும் மேலாக விவாதம் நடந்திருக்கிறது.

இதன் தொடக்கம் கலையில் இல்லை, விலையில் இருக்கிறது. ரபேலின் ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற வேண்டும், அல்லது விலை உயர்ந்த செதுக்கு அச்சுப்படம் வாங்க வேண்டும். 1880களில் புகைப்படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக மாற்றி அச்சடிக்கும் முறை வந்ததும் அந்த விலை சரிந்தது. 1897-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் யூஜின் பெர்ரி என்பவர் பள்ளிகளுக்காகப் படம் அச்சடிக்கும் கம்பெனி தொடங்கினார். 25 படங்களுக்கு மேல் வாங்கினால் ஒரு படம் ஒரு சென்ட்! லூவ்ர் அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்குவது கிராமத்துப் பள்ளிக்கூடத்துப் பையனின் கைக்கு வந்துவிட்டது. 'படப்பாடம்' என்கிற வகுப்பு அமெரிக்கா முழுக்கப் பரவியதற்கு ஆசிரியர்களின் கலை ஆர்வம் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்த ஒரு சென்ட்தான்.

ஆனால் இந்த மலிவுக்கு ஒரு விலை இருந்தது. படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அல்லது பழுப்பு நிறம். வண்ணமே இல்லாத ஓவியத்தை வைத்துக்கொண்டு குழந்தையிடம் என்ன பேசுவது? கதைதான் பேச முடியும். கதை இருந்தால் அதில் நீதியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியம் இந்த வகுப்புகளின் செல்லப்பிள்ளை. அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள், அதில் இருவர் முழுசாகக் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். அமெரிக்க வகுப்பறையில் அது உழைப்பின் பெருமையைச் சொல்லும் படம். 1857-ல் பாரிஸ் கண்காட்சியில் அதே படத்தைப் பார்த்த பணக்காரர்களுக்கோ வயிற்றைக் கலக்கியது. 1848 புரட்சி முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, ஏழைகளை இவ்வளவு பெரிதாக வரைவானேன் என்று கேட்டார்கள். இந்தச் சண்டையெல்லாம் வகுப்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. படத்தின் அர்த்தம் ஆசிரியரிடம் தயாராக இருந்தது, பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் போதும்.

இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842-1923) வேறு வழியில் போனார். ஆம்பிள்சைடு என்கிற சிற்றூரில் 1892-ல் ஆசிரியைகளுக்கான பயிற்சி நிலையம் தொடங்கியவர் அவர். ஒரு பருவத்துக்கு ஒரே ஓவியரின் ஆறு படங்கள், அவ்வளவுதான். குழந்தை படத்தைப் பேசாமல் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்த்ததைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். ஓவியரைப் பற்றி ஆசிரியை ரெண்டு வார்த்தை சொல்லலாம், பிரசங்கம் கூடாது. நினைவாற்றல் பயிற்சி போலத் தெரிந்தாலும் இதில் ஒரு தைரியம் இருக்கிறது: முதலில் பேசுவது குழந்தை. அவர் புத்தகத்தில் மாதிரிப் பாடமாக வருவது லேண்ட்சியர் வரைந்த நாய்ப்படம். மாமன்னன் அலெக்சாண்டராக ஒரு வெள்ளை நாய் கம்பீரமாக நிற்க, ஞானி டயோஜெனிஸாக ஓர் அழுக்கு நாய் பீப்பாய்க்குள் இருக்கும். கிரேக்க வரலாறு தெரியாத குழந்தைக்கும் அந்த ரெண்டு நாய்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பது புரிந்துவிடும். நல்ல தேர்வு.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் கல்வித்துறைத் தலைவர் விக்டர் டி'அமிகோவுக்குப் பேச்சைவிடக் கைவேலையில்தான் நம்பிக்கை. 1942-ல் அவர் தொடங்கிய குழந்தைகள் கலைவிழாவில் பிள்ளைகளே செய்து பார்த்தார்கள், பெற்றோர் உள்ளே போகக்கூடாது! 1960களில் அந்த விழா டெல்லிக்கும் வந்தது.

பேச்சுக்குத் திரும்பிய கதையும் அதே அருங்காட்சியகத்தில்தான். 1983-ல் கல்வித்துறைப் பொறுப்புக்கு வந்த பிலிப் யெனவைனுக்கு ஒரு சங்கடம். ஓவியத்தின் முன் நின்று விளக்கம் கேட்டவர்கள் ரசித்துவிட்டுத்தான் போனார்கள், ஆனால் கேட்டதில் அனேகமாக எதுவும் மனதில் தங்கவில்லை. மக்கள் ஓவியத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பல வருடம் ஆராய்ந்த அபிகேல் ஹவுசன் என்கிற உளவியலாளருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள். படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்ணில் படுகிறது? பிள்ளை சொன்னதை ஆசிரியர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, படத்தில் அந்த இடத்தைக் கையால் காட்ட வேண்டும். "சரி", "தப்பு", "சபாஷ்" எதுவும் கிடையாது. நடுக்கேள்விதான் உயிர். நினைத்ததைச் சொல்வது யாருக்கும் சுலபம், அதற்கு ஆதாரம் காட்டு என்றால்தான் கண் மறுபடியும் படத்துக்குப் போகும்.

புரூகல் 1560-ல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' ஓவியத்தை (வியன்னாவில் இருக்கிறது) இப்படிக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், சுமார் எண்பது விளையாட்டு. பச்சைக்குதிரை, பொய்க்கால், வளையம் உருட்டுவது, இடது மூலையில் நம்மூர் கல்லாங்காய் போலவே எலும்பை வைத்து ஆடும் ரெண்டு பேர். எந்தக் குழந்தையும் பத்து நிமிஷத்துக்குச் சும்மா இருக்காது. கொஞ்சம் பொறுத்தால் அவர்களில் யாராவது ஒன்றைக் கவனிப்பார்கள்: பல பிள்ளைகளின் முகம் பெரியவர்கள் முகம் போல இருக்கிறது, விளையாடுகிறவர்கள் அனேகமாகச் சிரிக்கவே இல்லை. ஏன் என்று அறிஞர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிற விஷயம் இது. முதலிலேயே பெயரும் வருடமும் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் கவனிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

எதிர்ப்பும் உண்டு. அருங்காட்சியகக் கல்வியாளர்களான ரிகா பர்ன்ஹாமும் எலியட் கைகீயும் 2011-ல் எழுதிய புத்தகத்தில் இந்த முறையை விமர்சித்தார்கள். மூன்று கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பது இயந்திரத்தனம், தகவலை ஒளித்து வைப்பதால் உரையாடல் ஓர் எல்லைக்கு மேல் போகாது என்பது இந்தப் பக்கத்தின் வாதம். நியாயம்தான். கதிர் பொறுக்கும் பெண்களைப் பார்த்து "காசைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள்" என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால், குனிந்த முதுகை ஆதாரமாகக் காட்டவும் செய்தால், ஆசிரியர் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்? அந்தப் பெண்களின் பசியைப் படத்தை மட்டும் பார்த்து ஊகிக்க முடியாது, யாராவது சொல்ல வேண்டும்.

2012-ல் நியூயார்க் டைம்ஸின் கல்விப் பிரிவு இதே கேள்விகளை வைத்து ஒரு வாராந்திரப் பகுதி தொடங்கியது. ஓவியத்துக்குப் பதில் பத்திரிகைப் புகைப்படம், கீழே வரும் குறிப்பு நீக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டியது, சில நாள் கழித்து உண்மையான குறிப்பை வெளியிடுவார்கள்.