எதிராளிக்கு கார்னர், நமக்கு கோல்

ஹாஸ்டல்ல ஃபிஃபா ஆடின காலத்துல என் ரூம்மேட்கிட்ட நான் வாங்கின கோல்கள்ல பாதி, கார்னர் கிக்ல இருந்து வந்தது. அவனோட கார்னர் இல்லீங்க, என்னோட கார்னர்! நான் பந்தைத் தூக்கிப் போடுவேன், அவன் கீப்பர் அலுங்காம பிடிப்பான், ஒரே எறி. என் ஆளுங்க பத்து பேரும் அவன் பெட்டிக்குள்ள திருவிழாக் கூட்டம் மாதிரி நிப்பாங்க. அவனோட ஒரே ஒருத்தன் என் கோலை நோக்கி ஓடிட்டு இருப்பான். 'கேம்ல பக்'னு சொல்லித் தப்பிச்சுட்டு இருந்தேன். பக் எல்லாம் இல்லை, இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

இங்கிலாந்து கால்பந்து சங்கத்தோட விதிகள்ல கார்னர் கிக் சேர்ந்தது 1872-ல். நேரா கார்னர்ல இருந்து வர்ற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாதுன்னு 1882-ல் சொன்னாங்க. அதனால பெட்டிக்குள்ள ஆளைக் குவிக்கறது சுலபமாச்சு. ஆனா 1907-ல் இன்னொரு திருத்தம் வந்துச்சு: சொந்தப் பாதியில நிக்கறவனுக்கு ஆஃப்சைடே இல்லை. இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. கார்னர் எடுக்கற டீம் மொத்தமா முன்னால போயிடுது. எதிராளி, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தனை நிறுத்தி வெச்சா போதும், கொடி தூக்க வழியே இல்லை. கொல்லைக் கதவைத் திறந்து போட்டுட்டு வாசல்ல சண்டை போடற கதைதான். (1925-ல் ஆர்சனலுக்கு மேனேஜரா வந்த ஹெர்பர்ட் சாப்மன், எதிராளியை உள்ள வரவிட்டு அடிக்கறதையே ஒரு தொழிலா ஆக்கினார். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

இதுக்கு உச்சம்னா 2018 ஜூலை 2, ரஷ்யாவுல ரோஸ்தோவ் நகரம். உலகக் கோப்பை, பெல்ஜியம் - ஜப்பான். நம்ம நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரைக்கு மேட்ச். இதுக்கு முன்னால ஜப்பான் காலிறுதியைப் பார்த்ததே இல்லை. 48-வது நிமிஷம் ஹரகுச்சி, 52-ல் இனுய்: 2-0. அப்புறம் 69-ல் வெர்டோங்கன், 74-ல் ஃபெலைனி, சமன்.

கூடுதல் நிமிஷங்கள்ல ஹோண்டா ஒரு ஃப்ரீ கிக் அடிச்சார், கோர்ட்வா தட்டி விட்டார், கார்னர். கொஞ்ச செகண்ட்தான் பாக்கி. ஷார்ட்டா எடுத்து, பந்தை மூலையிலயே வெச்சுக்கிட்டு எக்ஸ்ட்ரா டைமுக்குப் போயிருக்கலாம். ஹோண்டா தூக்கிப் போட்டார். கோர்ட்வா பிடிச்சார். பெட்டி ஓரம் வரைக்கும் ஓடி வந்து டி ப்ரூய்னுக்கு உருட்டி விட்டார். டி ப்ரூய்ன் மைதானத்தோட நடுவுல ஓடினார். அவர் எதிர்ல நின்ன யமகுச்சிக்குப் பாயறதா, பின்வாங்கறதான்னு முடிவு பண்ண நேரமில்லை. லுகாகு உள்பக்கமா ஓடி, தன்னோட ஒரு டிஃபெண்டரையும் இழுத்துட்டுப் போனார். வலதுபக்கம் மூனியே தனி ஆளு. அவர் தரையோட தந்த பந்தை லுகாகு தொடற மாதிரி பாவ்லா காட்டி விட்டுட்டார். பின்னால வந்த சாட்லி உள்ள தள்ளினார். 3-2.

ஹோண்டா உதைச்சதுல இருந்து கோல் வரைக்கும் 14 செகண்ட். அந்த வருஷக் கடைசியில ஜப்பானின் என்.எச்.கே. இந்த 14 செகண்டுக்குன்னே ஒரு ஆவணப்படம் எடுத்தது. ஒரு கார்னருக்கு ஒரு படம்!

எல்லாரும் ஹோண்டாவைத்தான் திட்டினாங்க. நான் திட்ட மாட்டேன். ஜெயிக்கணும்னு நினைச்சு உதைச்ச பந்து அது. கீப்பர் பந்தோட ஓடி வரும்போது குறுக்க ஒருத்தர்கூட நிக்கலையே, அதுதான் என் ஆதங்கம். நடுவுல டி ப்ரூய்னை ஒரு மஞ்சள் அட்டைக்கு இழுத்துப் போட்டிருந்தாலும் கதை வேற. (ஃபேர் ப்ளே பிரியர்கள் மன்னிக்க :-))

ரெண்டு மாசம் கழிச்சு, செப்டம்பர்ல ஃபிஃபா 19 வந்தது. கார்னருக்கு எத்தனை பேரை முன்னால அனுப்பறதுன்னு தீர்மானிக்க அதுல ஒரு ஸ்லைடர். ரோஸ்தோவைப் பார்த்து வெச்சிருக்க முடியாது, கேமை அதுக்கு ரொம்ப முன்னாடியே செஞ்சிருப்பாங்க. ஆனா நான் திறந்ததும் முதல்ல தொட்டது அதைத்தான். ரெண்டு பேரைப் பின்னால நிறுத்தினேன்.

இன்னொரு வேடிக்கை: 2025-26 சீசன்ல இருந்து, கீப்பர் எட்டு செகண்டுக்கு மேல பந்தைக் கையில வெச்சிருந்தா எதிராளிக்குக் கார்னர்! கோர்ட்வா மாதிரி ஆளுங்களுக்கு அது தண்டனையா பரிசான்னு தெரியலை.

போன மாசம் ரூம்மேட் வீட்டுக்கு வந்திருந்தான். 2-2, 90-வது நிமிஷம், எனக்குக் கார்னர். ஷார்ட்டா எடுத்தேன். "என்னடா இது, ஜப்பான்காரன் மாதிரி பயந்துட்டே?"ன்னான். ஜப்பான்காரன் பயப்படாததுதான்டா பிரச்சனையேன்னு சொல்றதுக்குள்ள பந்தைப் பிடுங்கிட்டு ஓடிட்டான். 3-2.