வாய்பேசா உயிர்களின் விருப்பமும் விஞ்ஞான ஆராய்ச்சியும்

மனிதன் தனக்குற்ற நோயையும் நோவையும் மொழியால் எடுத்துரைக்க வல்லவன். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அவ்வாற்றல் இல்லை. ஆகவே, அவற்றின் நலத்தைப் பேண விழைவோர் முன் ஒரு பெருவினா எழுகின்றது. ஓர் உயிர் துன்புறுகின்றதா, அன்றா என்பதை எங்ஙனம் அறிவது? தம்முள்ளத்து உணர்ச்சிகளையே விலங்கின்மேல் ஏற்றிக் கூறுதல் ஒருவகைப் பிழையாகும். விலங்குக்கு உணர்ச்சியே இல்லையெனக் கைவிடுதல் மற்றொருவகைப் பிழையாகும். இவ்விரு பிழைகளுக்கும் இடையே மெய்ந்நெறி காண முயன்ற ஆராய்ச்சியின் வரலாறு அறிந்து இன்புறத்தக்கது.

பிரெஞ்சு நாட்டு மெய்யியலாளர் டேக்கார்ட் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விலங்குகளைப் பொறிகளுக்கு ஒப்பிட்டார். அவர் கருத்து நெடுங்காலம் செல்வாக்குற்றிருந்தது. 1789ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் பெந்தம், விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பனவல்ல, துன்புறுமா என்பதே கேட்கத்தக்க வினா என வற்புறுத்தினார். 1822ஆம் ஆண்டில், மாடு முதலிய கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1872ஆம் ஆண்டில் சாள்ஸ் டார்வின், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறைகளை ஒப்பிட்டு ஒரு நூல் இயற்றினார். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடத்தைவாத உளவியலார், புறத்தே அளந்தறியக்கூடிய செயல்களையன்றி அகவுணர்ச்சிகளை ஆராய்தல் விஞ்ஞானமாகாதென விலக்கினர். அதனால் விலங்கின் துன்பம் பற்றிய வினா ஆய்வுகூடத்தின் வாயிலுக்கு வெளியே நின்றது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் மேலைநாடுகளில் விலங்கு வேளாண்மை தொழிற்சாலை முறையைத் தழுவியது. முட்டையிடும் பேடுகள், அடுக்கடுக்காக அமைந்த சிறிய கம்பிக்கூடுகளில் அடைக்கப்பட்டன. இம்முறையைக் கண்டித்து ரூத் ஹரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1964ஆம் ஆண்டில் 'விலங்கு இயந்திரங்கள்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். பொதுமக்களிடையே பெருங் கிளர்ச்சி எழவே, அரசாங்கம் விலங்கியற் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. விலங்கு நடத்தையியல் வல்லுநரான கேம்பிறிட்ஜ் அறிஞர் தோர்ப் அதன் உறுப்பினருள் ஒருவர். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, விலங்கு இடர்ப்பாடின்றித் திரும்பவும், தன் உடலைத் துப்புரவு செய்யவும், எழவும், படுக்கவும், உறுப்புகளை நீட்டவும் இடம் வேண்டும் என்றது. பிற்காலத்தில் 'ஐந்து சுதந்திரங்கள்' என வழங்கிய கோட்பாட்டுக்கு இதுவே வித்தாயிற்று.

அக்குழு நல்லெண்ணத்துடன் கூறிய ஒரு பரிந்துரை விஞ்ஞான வரலாற்றில் தனிச்சிறப்புப் பெற்றது. கூட்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலையைப் பயன்படுத்தலாகாது, அது கோழியின் காலுக்குத் துன்பந்தரும் என்பது குழுவினர் கருத்து. கம்பியின் மென்மையைக் கண்ட எவரும் அவ்வாறே கருதுவர். ஆனால், ஹியூஸ், பிளாக் என்னும் ஆய்வாளர் இருவர் 1973ஆம் ஆண்டில் கோழிகளையே தெரிவு செய்ய விட்டனர். கோழிகளோ, குழு விரும்பிய பருத்த கம்பித்தரையை விடுத்து, குழு விலக்கிய மெல்லிய வலையையே நாடின. மெல்லிய வலை பாதத்தைப் பல இடங்களிலே தாங்குவது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கற்றறிந்தோர் கருணையும், கோழியின் கருத்தறியாதவிடத்து வழிதவறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாயிற்று.

இந்நெறியை விரிவாக வளர்த்தவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து அறிஞர் மரியன் ஸ்ராம்ப் டோக்கின்ஸ் ஆவர். 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ரின்பேர்கனிடம் பயின்றவர் இவர். விலங்கின் நடத்தையை இயற்கைச் சூழலிற் பொறுமையுடன் நோக்கும் பயிற்சியை ஆசிரியரிடமிருந்து பெற்று, அதனைப் பண்ணை விலங்குகளின் நலம் பற்றிய ஆய்வுக்குப் பயன்படுத்தினார். 1977ஆம் ஆண்டில் வெளியான அவருடைய ஆய்வில், கோழிகளுக்குக் கம்பிக்கூடும் திறந்தவெளியும் தெரிவுக்கு வைக்கப்பட்டன. வெளியில் வளர்ந்தவை தொடக்கத்திலேயே வெளியை நாடின. கூட்டில் வாழ்ந்தவையோ முதலிற் கூட்டையே நாடின. வெளியைச் சிறிது அனுபவித்தபின் அவையும் வெளியையே தேர்ந்தன. பழக்கம் விருப்பத்தை மறைக்கும் என்பதும், ஒருமுறை கேட்ட வினாவுக்குக் கிடைத்த விடையே முடிந்த விடையாகாது என்பதும் இதனாற் புலனாயின.

விரும்புதல் வேறு, இன்றியமையாததாகக் கொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டை அறிய, ஒன்றைப் பெற மற்றொன்றைக் கைவிடவேண்டிய நிலையை டோக்கின்ஸ் அமைத்தார். கம்பித்தரையுள்ள பெரிய கூட்டையும், கூளம் பரப்பிய சிறிய கூட்டையும் வைத்தபோது கோழிகள் சிறிய கூட்டையே தேர்ந்தன. கிளறவும் புழுதியாடவும் உதவும் தரைக்காக இடவசதியையும் அவை இழக்க இசைந்தன. 1983ஆம் ஆண்டில் அவர், பொருளியலார் நுகர்வோரின் தேவையை அளக்கும் முறையை விலங்கினத்துக்கும் ஏற்றினார். விலை ஏறினும் மக்கள் அரிசியை வாங்குவர். ஆடம்பரப் பொருளைக் கைவிடுவர். அவ்வாறே, உழைப்பாகிய விலையை உயர்த்தி விலங்கின் தேவையை நிறுக்கலாம். இம்முறையைப் பின்பற்றிய வேறு ஆய்வாளர், முட்டையிடும் வேளை நெருங்கிய பேடு, பாரமேற்றிய கதவையும் தள்ளிக்கொண்டு முட்டையிடும் மறைவிடத்தை அடைய முயல்வதைக் கண்டனர்.

இத்தகைய ஆய்வுகள் சட்டத்தோடும் தொடர்புடையன. 1989ஆம் ஆண்டில் டோக்கின்ஸும் ஹாடி என்பவரும், பேடுகளை மேலிருந்து படம்பிடித்து, ஒவ்வொரு செயலுக்கும் அவை கொள்ளும் இடத்தை அளந்தனர். நிற்பதற்குச் சராசரி 475 சதுர சென்ரிமீற்றரும், திரும்புவதற்கு 1,272 சதுர சென்ரிமீற்றரும், சிறகடிப்பதற்கு 1,876 சதுர சென்ரிமீற்றரும் வேண்டியிருந்தன. ஐரோப்பியச் சமூகம் 1988ஆம் ஆண்டில் ஒரு பேட்டுக்கு விதித்த குறைந்தபட்ச அளவோ 450 சதுர சென்ரிமீற்றர்! 1999ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புதுக்கட்டளை பிறப்பித்தது. அதன்படி, வசதியற்ற பழைய கம்பிக்கூடுகள் 2012ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி முதல் விலக்கப்பட்டன. நூலெழுதி அறைகூவிய ஹரிசன் 2000ஆம் ஆண்டில் மறைந்தமையால், அவ்விலக்கு நடைமுறைக்கு வந்த நாளை அவர் காணவில்லை.

உண்மை, இரக்கமுடையோர் எதிர்பார்க்கும் பக்கத்திலேயே எப்பொழுதும் நிற்பதில்லை. இறைச்சிக் கோழிகளுக்கு நெருக்கமே பெருங்கேடு எனப் பலர் கருதினர். டோக்கின்ஸும் துணைவரும் பத்துப் பெரும் உற்பத்தி நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் ஏறக்குறைய 27 இலட்சம் கோழிகளிடையே ஆய்வு நடத்தி, 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மிகுந்த நெருக்கம் தீங்கு செய்வது மெய்யே. ஆயினும், காற்றின் ஈரப்பதன், வெப்பம், கூளத்தின் நிலை ஆகிய சூழ்நிலைகளே கோழியின் நலத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிபு. எனவே, எண்ணிக்கையை மாத்திரம் குறைத்துவிட்டுக் கொட்டிலின் காற்றைக் கவனியாது விடும் சட்டம் முழுப்பயன் தராது.

விருப்பம் ஒன்றே நலமாகாது என்பதையும் டோக்கின்ஸ் மறந்தாரல்லர். தீங்கு தரும் உணவை விரும்பும் குழந்தை போல விலங்கும் தனக்கு ஒவ்வாததை நாடக்கூடும். ஆதலின், அவர் இரு வினாக்களை ஒருங்கே கேட்கச் சொல்கின்றார். விலங்கு உடல்நலத்துடன் உள்ளதா? அது விரும்புவதைப் பெற்றுள்ளதா? விலங்கின் உள்ளத்தில் நனவுணர்வு எத்தகையது என்னும் ஆழ்ந்த புதிர் இன்னும் முற்றாக அவிழவில்லை. அஃது அவிழும்வரை நலம் பேணுதலை ஒத்திவைக்க வேண்டியதில்லை என்பதே அவ்விரு வினாக்களின் பயன்.

இரக்கம் இல்லாதவிடத்து இவ்வினாக்களைக் கேட்பாரே இலர். ஆராய்ச்சி இல்லாதவிடத்து, பருத்த கம்பியைப் பரிந்துரைத்த குழுவினர் போல, நல்லோரும் பிழைபட்ட விடையையே கூறுவர். அருளும் அறிவும் இணையுமிடத்தே வாய்பேசா உயிர்களுக்கு உய்வுண்டு.