ஒரே கேசட்டு, ஏழு நாள், எங்க ஊரு டிவி

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு சங்கரன்கோவில் லோக்கல் சேனல் பத்தி. சிரிக்காதீங்க. இது ஒரு வரலாற்றுக் கட்டுரைதான் :-)

முதல்ல கொஞ்சம் பின்னால போவோம். சென்னையில தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-லயே வந்துட்டுது. ஆனா அந்த அலைவரிசை தெக்கத்திப் பக்கம் எட்டாது. 1982 பிப்ரவரி 15-ல இலங்கையில ரூபவாஹினி ஆரம்பிச்சாங்க. சென்னை கிடைக்காத தென் மாவட்டத்துல, கடல் தாண்டி வந்த அந்தப் படத்தைப் புடிக்க வசதியான வீடுகள்ல உசர உசரமா ஆண்டெனா நட்டாங்க. அப்புறம் எண்பதுகள்ல நாடு முழுக்க சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்கள் வந்து, தூர்தர்ஷன் நம்ம பக்கமும் எட்டிப் பார்த்துது.

அப்போ நம்ம வாரத்துக்கு ஒரு கணக்கு இருந்துது. வெள்ளிக்கிழமைன்னா ஒளியும் ஒலியும். ஞாயித்துக்கிழமைன்னா சாயங்காலம் தமிழ்ப் படம். 1987 ஜனவரி 25-ல இருந்து ஞாயிறு காலையில ராமாயணம், மொழி புரியுதோ இல்லையோ. இந்த ஏழு நாளையும் டெல்லியிலயும் சென்னையிலயும் யாரோ தீர்மானிச்சாங்க. நம்ம வேலை பாக்குறது மட்டும்தான்.

1991-ல வளைகுடாப் போர் வந்து, அதை டிஷ் வச்சுப் பெரிய ஊர்க்காரங்க நேரடியாப் பாத்தாங்க. 1993 ஏப்ரல் 14-ல சன் டிவி. அதுக்கப்புறம் தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி கறுப்பு வயர் ஓட ஆரம்பிச்சுது. அந்த வயர்லதான் நம்ம கதை.

கேபிள்காரர் ரூம்ல ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மாடுலேட்டர் பொட்டி இருக்கும். அதுக்குள்ள டிஷ்ல இருந்து வர்ற படத்தை விட்டாலும் சரி, விசிஆர்ல இருந்து வர்றதை விட்டாலும் சரி, ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான். ஒரு பொட்டி சும்மா கிடந்தா அதுல கேசட்டைப் போட வேண்டியது. ஊர் முழுக்கத் தெரியும். அவ்வளவுதான் டிவி நிலையம்! 1995-ல வந்த கேபிள் சட்டம் ஆபரேட்டர்களைத் தபால் ஆபீஸ்ல பதியச் சொல்லுச்சு. நிகழ்ச்சிங்கிறதுக்கு அது கொடுத்த விளக்கத்துலயே விசிஆர்ல படம் போடுறதும் சேர்த்திதான்.

அமெரிக்காவுல நியூயார்க் மாதிரி ஊர்கள்ல 1971-ல இருந்தே கேபிள்ல ஒரு சேனலைப் பொதுமக்களுக்குன்னு ஒதுக்குனாங்க. யாரும் போய் எதையும் காட்டலாம். 1984-ல சட்டமே அதுக்கு வழி விட்டுது. நம்ம நாட்டுல சமுதாய வானொலி உண்டு, 2004-ல சென்னையில அண்ணா பல்கலைக்கழகத்துல வந்துது. சமுதாய டிவிக்கு அப்படி ஒரு சட்டம் வரலை. குஜராத்துல கேடா மாவட்டத்துல மட்டும் 1975-ல இருந்து சில வருசம் அரசாங்கமே கிராமத்து ஆட்களை வச்சு நிகழ்ச்சி எடுத்துப் பாத்துது. மத்த ஊருக்கெல்லாம் வாய்ச்சது கேபிள்கார அண்ணாச்சிதான்.

சரி, 2000-த்தோட முதல் சில வருசத்துல எங்க ஊர்ல ஒரு வாரம் எப்படி இருந்துதுன்னு சொல்றேன்.

தினமும் காலையில பக்திப் பாட்டு. மத்தியானம் பழைய படம். சாயங்காலம் ஜவுளிக்கடை விளம்பரம், நகைக்கடை விளம்பரம். போட்டோவை நிறுத்தி வச்சு பின்னால ஒருத்தர் கட்டைக் குரல்ல பேசுவார். அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து. "தாத்தா, ஆச்சி, மாமா, அத்தை" லிஸ்ட் முடியறதுக்குள்ள கேக் கெட்டுப் போயிரும். ராத்திரி ஊர்ச் செய்தி. எந்தத் தெருவுக்கு என்னிக்குக் குடிதண்ணி, பூ மார்க்கெட்டுல மல்லி என்ன விலை, பிச்சி என்ன விலை, விசைத்தறிக் கூலிப் பேச்சுவார்த்தை எதுவரைக்கும் வந்திருக்கு.

இந்தச் செய்தியை வேற எவன் சொல்வான்? 2012 மார்ச் 18-ல இங்க இடைத்தேர்தல் நடந்தப்போ மெட்ராஸ் சேனல்காரங்க எல்லாம் வந்து குவிஞ்சாங்க. ஓட்டு எண்ணி முடிஞ்சதும் கிளம்பிட்டாங்க. மத்த நாள்ல நம்ம தெருவை டிவியில காட்டினது லோக்கல் சேனல் ஒண்ணுதான்.

வியாழக்கிழமை போன்ல பாட்டு கேக்கலாம். வெள்ளிக்கிழமை கோமதி அம்மன் கோயில். சனிக்கிழமை ஏதாவது ஸ்கூல் ஆண்டு விழா, நம்ம பிள்ளை ஆடுற ரெண்டு நிமிசத்துக்காக ரெண்டு மணி நேரம் உக்காரணும். ஞாயித்துக்கிழமை கல்யாண வீட்டு வீடியோவையே போட்டுருவாங்க. பந்தியில யாரு எத்தனை தடவை பாயாசம் வாங்குனாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும். எந்நேரமும் கீழ ஓடுற எழுத்துல இரங்கல் செய்தி. எங்க ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல்ல அதைத்தான் வாசிக்கச் சொல்லுவா.

இந்த ஏழு நாளுக்குள்ள அடங்காத நாள் ஒண்ணு உண்டு. ஆடித்தபசு. அரியும் சிவனும் ஒண்ணாக் காட்சி தரணும்னு கோமதி அம்மன் தவம் இருக்கா. பதினொண்ணாம் நாள் சாயங்காலம் சங்கரநாராயணரா வந்து சாமி காட்சி கொடுக்கார். வெள்ளாமை போடுறவங்க பருத்தி, வத்தல், தானியம்னு கொண்டாந்து சூறை விடுவாங்க. நிக்க இடம் இருக்காது.

கேபிள்காரர் அன்னிக்கு ரத வீதியில இருந்து தன்னோட ரூம் வரைக்கும் போஸ்ட்டுக்குப் போஸ்ட் வயர் இழுத்து நேரடியாக் காட்டுவார். கல்யாண வீடியோ எடுக்குற கேமராதான். நடக்க முடியாத எங்க ஆச்சி டிவி முன்னால விளக்கேத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. காட்சி வந்ததும் கன்னத்துல போட்டுக்குவா.

ஒரு வருசம் அப்படிப் பாத்துக்கிட்டு இருக்கும்போது எங்க அப்பா தெரிஞ்சாங்க. இடுப்புல பையை இடுக்கிக்கிட்டு எங்க புஞ்சைப் பருத்தியை அள்ளி அள்ளி எறியுறாங்க. முகம் முழுக்கச் சிரிப்பு. கேமராக்காரர் தெரிஞ்சவர்ங்கிறதால பத்து செகண்டு அவங்க மேலயே நிறுத்திட்டார். "அந்தா, எம் மவன்லா!"ன்னு ஆச்சி கத்துனது இன்னும் காதுல இருக்கு.

மறு வருசம் பங்குனியில அப்பா தவறிட்டாங்க. கீழ ஓடுற எழுத்துல அவங்க பேரும் ஓடுச்சு. அன்னிக்கு யாரும் ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டலை.

கொஞ்ச நாள் கழிச்சு அந்த கேசட்டைக் கேட்டுப் போனேன். அப்பா சிரிச்ச போட்டோ எங்க வீட்ல ஒண்ணுகூட இல்லை. "தம்பி, ஒரே கேசட்டுலதான் திரும்பத் திரும்ப எடுப்போம். புதுசு வாங்கக் கட்டுபடி ஆகாதுலா"ன்னாரு அண்ணாச்சி. ஆனாலும் அலமாரியைக் குடைஞ்சு 'தபசு'ன்னு எழுதின ஒண்ணை எடுத்துப் போட்டார். யாரோ வீட்டுக் காதுகுத்து ஓடுச்சு. பிள்ளை அழுது, மொட்டையில சந்தனம் பூசி, பந்தி போட்டு, எல்லாம் முடிஞ்சதும் படம் ஒரு தடவை நடுங்கி தபசுக் கூட்டம் வந்துது. கடைசி ரெண்டு நிமிசம்தான் மிச்சம். எல்லாரும் கலைஞ்சு போறாங்க. அதுல அப்பா இல்லை. நான் மூணு தடவை ரிவைண்ட் பண்ணிப் பாத்தேன். அண்ணாச்சி ஒண்ணும் சொல்லாம டீ வாங்கியாரச் சொன்னார்.

அவர் மேல ரொம்ப நாள் கோவம் இருந்துது. பின்னால படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், பெரிய ஆளுங்களும் இதைத்தான் செஞ்சிருக்காங்க. பிபிசி அறுபதுகள்ல எடுத்த 'டாக்டர் ஹூ' தொடர்ல கிட்டத்தட்ட நூறு பகுதியை அழிச்சிட்டாங்க. நிலாவுல மனுசன் கால் வச்ச 1969 அப்பல்லோ 11 பயணத்தோட மூல நாடாக்களை அழிச்சு வேற எதையோ பதிஞ்சிருக்கணும்னு நாசாவே 2009-ல ஒத்துக்கிட்டுது. காரணமும் ஒண்ணேதான். நாடா விலை ஜாஸ்தி, பழசை யாரு கேக்கப் போறான்னு ஒரு நினைப்பு. நாசாவுக்காவது மத்தவங்க எடுத்து வச்ச பிரதி கிடைச்சுது. எங்க ஊருக்கு அதுவும் இல்லை.

அப்புறம் காலம் மாறிப் போச்சு. 2011 செப்டம்பர் 2-ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்துது. பின்னால செட்டாப் பாக்ஸ் வந்துது. மாடுலேட்டர்ல கேசட்டைச் சொருகுற சுதந்திரமும் குறைஞ்சுது. 2022 நவம்பர்ல மத்திய அரசு பெரிய கேபிள் நிறுவனங்களோட சொந்த சேனல்களுக்கு விதிமுறை போட்டுது, ஒரு சேனலுக்கு 1000 ரூபாய் கட்டிப் பதியணும், மொத்தத்துல 5 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு. இப்போ தபசை ஆளாளுக்கு செல்போன்ல எடுக்காங்க. அதுல எது பத்து வருசம் கழிச்சு மிஞ்சும்னு நினைக்கீங்க?

ஊருக்குன்னு ஒரு வாரத்தை யாராவது முழுசா எடுத்து வச்சிருந்தா, தண்ணி வந்த நாள், பூ விலை, தறிக்கூலி, ஆட்களோட முகம் எல்லாம் அதுல இருந்திருக்கும். எந்த ராசா கல்வெட்டுலயும் இல்லாத சங்கரன்கோவில் அது.

உங்க வீட்டுப் பரண்ல கேசட்டு கிடந்தா இந்த வாரமே இறக்குங்க. வருசம் ஆக ஆக நாடாவுல பூசணம் புடிக்கும், ஓட்டிப் பாக்க விசிஆரும் கிடைக்காது. கல்யாணமோ காதுகுத்தோ, கம்ப்யூட்டர்ல ஏத்தி ரெண்டு எடத்துல வையுங்க. முடிஞ்சு போச்சுன்னு பாதியில நிறுத்திராம கடைசி வரைக்கும் ஓட விடுங்க. பின்னால யாரோட அப்பா நிக்காங்களோ, யாருக்குத் தெரியும்.