அவுட்டர் வைல்ட்ஸ்: சூரியனைக் கொன்றது யார்?

22 நிமிடம். அதற்குள் சூரியன் வெடித்துவிடும். நீங்களும் காலி. கண் விழித்தால் மறுபடியும் அதே இரவு, அதே நெருப்பு, அதே வானம்.

2019இல் வெளிவந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' வீடியோ கேம் இப்படித்தான் சுழல்கிறது. அமெரிக்காவின் மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் உருவாக்கியது. 2020இல் சிறந்த விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் வென்றது.

இதில் சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது. கோள் கோளாகப் பறந்து, பழைய குறிப்புகளைப் படித்து, சூரியன் ஏன் வெடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை! இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

யார் இந்த நோமாய்?

கதை நடக்கும் காலத்துக்கு 2 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வந்து சிக்கிக்கொண்ட விண்வெளிப் பயணிகள். 'பிரபஞ்சத்தின் கண்' என்ற மர்மமான இடத்திலிருந்து வந்த சமிக்ஞையைத் தேடி வந்தவர்கள். அந்தக் கண் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை.

அதுக்கு ஏன் சூரியனை வெடிக்க வைக்கணும்?

கண்ணைத் தேட, ஏதாவது ஒரு திசையில் ஆய்வுக்கலத்தை ஏவ வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு திசை. எத்தனை முறை ஏவுவது?

நோமாய் ஒரு குறுக்குவழி கண்டார்கள். முடிவை 22 நிமிடம் பின்னோக்கி, கடந்த காலத்துக்கு அனுப்புவது. அதற்குத் தேவையான ஆற்றல் ஒரு சூரியன் வெடித்தால்தான் கிடைக்கும்.

கண் கிடைத்த தகவல் வந்ததும், வெடிப்புக்கு முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. அப்படியும் இது சரியா என்று அவர்களுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் சூரியனுக்கு அருகே ஒரு நிலையம் கட்டினார்கள். இயக்கினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. சூரியன் அசையவே இல்லை!

பிறகு 'இன்டர்லோப்பர்' என்ற வால்நட்சத்திரம் வந்தது. அதன் உள்ளே இருந்த கொடிய பொருள் வெடித்துப் பரவியதில், அங்கிருந்த நோமாய் அனைவரும் மாண்டனர்.

அப்போ இப்போ வெடிக்க வைப்பது யார்?

யாரும் இல்லை.

பெரும்பாடு பட்டு அந்தச் சூரிய நிலையத்தை அடைந்தால், அங்குள்ள கணினி சொல்வது இதுதான்: சூரியனுக்கு வயதாகிவிட்டது, இயல்பான ஆயுள் முடிந்துவிட்டது. அந்த வெடிப்பின் ஆற்றல்தான் நோமாய் விட்டுச்சென்ற இயந்திரத்தை இயக்கி, 22 நிமிடச் சுழற்சியைத் தொடங்கிவைக்கிறது. அவர்களால் முடியாததை முதுமை முடித்துவைத்தது.

அதனால் பிடிப்பதற்குக் குற்றவாளியும் இல்லை, சரிசெய்ய இயந்திரக் கோளாறும் இல்லை. சுழற்சியை நிறுத்தலாம், சூரியனைக் காப்பாற்ற முடியாது. எஞ்சிய அந்த 22 நிமிடத்தில் எங்கே போவது, எதைத் தெரிந்துகொள்வது என்பது மட்டுமே உங்கள் கையில்.

நம்ம சூரியனும் இப்படி வெடிக்குமா?

வெடிக்காது. ஒரு நட்சத்திரம் இப்படி வெடிக்க, நம் சூரியனைப் போல் சுமார் 8 மடங்கு நிறை வேண்டும். நம் சூரியன் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளில் வீங்கிச் சிவந்து, பிறகு சிறிய வெண்குறுமீனாகச் சுருங்கும்.

மறுபடியும் விளையாடினால், இரவு வானத்தைக் கொஞ்சம் கவனியுங்க. தூரத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெடித்து அணைவது தெரியும். விடை தொடக்கத்திலிருந்தே தலைக்கு மேலே இருக்கிறது.