அரபுத்தமிழ்: கற்றோர் கண்ட எழுத்துநெறி

வேற்றுமொழி கற்பவர் அதன் ஒலிகளைத் தம் எழுத்திற் குறித்துக்கொள்வது இயல்பு. ஈழத்திலும் தமிழகத்திலும் முஸ்லிம்கள் இதற்கு நேர்மாறான நெறியையும் கண்டனர். ஓதப் பழகிய அரபெழுத்திலேயே தம் தாய்மொழியாகிய தமிழை எழுதினர். அதுவே அரபுத்தமிழ் எனப்படும்.

அரபில் இல்லாத ட, ப, ள முதலிய ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளிற் புள்ளிகள் சேர்த்துப் புதியன ஆக்கினர். எகர ஒகரங்களுக்குத் தனிக்குறிகள் வகுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினார். குர்ஆன் ஓதக் கற்றும் தமிழெழுத்து அறியாதிருந்த மகளிர் பலர் இதனாற் கல்வி பெற்றனர்.

தமிழெழுத்துக் கல்வி பரவப் பரவ இவ்வழக்குக் குன்றியது. லிங்கநகர், கிண்ணியா, மூதூர் எனத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் இத்தகைய கையெழுத்துகள் எஞ்சியிருப்பின், வாசிக்கவல்லார் மறையுமுன் அவற்றைத் தேடிப் படியெடுத்தல் நம் கடனாகும்.